கிட்டார் பெடலுக்கு மலிவான பவர் சப்ளை: எந்தக் கோளாறுக்கு என்ன காரணம், எதை வாங்கலாம்

பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்துக் காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி, ஒன்றிரண்டு இருக்கும்வரை பவர் சப்ளை பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கு ஒரு பேட்டரி, எதிரொலி தரும் டிலேவுக்குப் பெட்டியோடு வந்த அடாப்டர், முடிந்தது கதை. நாலாவது பெடல் வந்ததும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இடம் போதாமல் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒன்றில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுகிறோம், அன்றிலிருந்து ஆம்ப்பில் ஏதோ ஒன்று கொர்ரென்று கூடவே பாடத் தொடங்குகிறது. உடனே பெரிய சப்ளை ஒன்று வாங்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீரலாம், தீராமலும் போகலாம். இரைச்சலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சில வகைக்கு நூறு ரூபாய் கூடச் செலவாகாது, சில வகைக்கு எவ்வளவு விலையில் சப்ளை வாங்கினாலும் பயனில்லை.

அதனால் வாங்கும் முன் மூன்று பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரி, ஒரு சாதாரண மல்டிமீட்டர் (சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மிக மலிவான மஞ்சள் மீட்டரே போதும்), நல்ல நிலையில் உள்ள ஒரு கிட்டார் கேபிள்.

எதற்கும் முன்: இது பவர் சப்ளையின் குற்றம்தானா?

பெடல் எதுவும் இல்லாமல் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் சப்ளையை விட்டுவிடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் போய்விட்டால் அது கிட்டாருக்குள்ளிருந்தோ பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வழியாகவோ வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப் வைத்திருப்பவர்கள் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடி, இன்னொரு பக்கம் குறைந்தால் அறையில் உள்ள ஃபேன் ரெகுலேட்டர், ட்யூப்லைட் சோக், விளக்கின் டிம்மர் என்று ஏதோ ஒன்றைப் பிக்கப் பிடிக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் சப்ளை வாங்கி என்ன செய்வது?

நேராகச் செருகும்போது சுத்தமாக இருந்து, பெடல் வழியாகப் போனால் மட்டும் இரைகிறதா? அப்போது பெடல்களைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியை விடச் சுத்தமான சப்ளை உலகத்திலேயே கிடையாது, மற்ற எதனோடும் இணையாமல் தனியாக நிற்பது அது. பேட்டரியில் சுத்தம், அடாப்டரில் இரைச்சல் என்றால் குற்றவாளி சப்ளைதான். பேட்டரிக்கு இடமில்லாத டிஜிட்டல் பெடல் என்றால் அதன் சொந்த அடாப்டரில், அதை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

தடித்த, விடாத ரீங்காரம்

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதிலிருந்து வரும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலோ அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸிலோதான் இருக்கும். இதைக் காதாலேயே பிடிக்கலாம்: தடித்த இ கம்பியின் 3-வது ஃபிரெட்டில் வரும் ஜி, 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அதை ஒட்டி, கொஞ்சம் மேலே நின்றால் 100. அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே, காதை விடப் பாதத்தில் அதிகம் தெரிவது போல இருந்தால் 50. ஃபோனில் உள்ள ட்யூனர் செயலியை ஆம்ப் பக்கத்தில் வைத்தாலும் ஜி என்றுதான் காட்டும், சுமார் 35 சென்ட் (ஒரு ஃபிரெட் தூரம் 100 சென்ட்) கூடுதலாக. வேறு ஏதாவது ஸ்வரத்தைக் காட்டினால் அது மெயின்ஸ் ரீங்காரம் இல்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

100 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் அடாப்டருக்குள் வடிகட்டல் போதவில்லை. இதில் முதல் சந்தேகத்துக்குரியது கடையில் கிடைக்கும் எலிமினேட்டர், அதாவது 3, 4.5, 6, 9, 12 என்று ஒரு சுவிட்சும் நாலைந்து விதப் பின்னும் வைத்து விற்கிறார்களே, அதுதான். அதற்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவே. ரேடியோவுக்கும் பொம்மைக்கும் அது போதும். டிஸ்டார்ஷன் பெடலோ வருகிற சிக்னலை நூறு மடங்கு, அதற்கும் மேல் பெருக்கும் வேலையைச் செய்வது, சப்ளையில் உள்ள மெல்லிய அலையும் அதோடு சேர்ந்து பெரிதாகிவிடும். இன்னொரு கோளாறும் உண்டு. வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாத எலிமினேட்டரை 9-ல் வைத்து, எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரில் அளந்தால் 12, 13 என்று காட்டும். வெறும் 4 மில்லியாம்ப் எடுக்கும் பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் போன்ற பெடலை மாட்டினாலும் அது பெரிதாக இறங்காது. டிஎஸ்-1 தாங்கிக்கொள்ளும், ஆனால் அதே எலிமினேட்டரில் 9 வோல்ட்டுக்கு மேல் தாங்காத டிஜிட்டல் பெடல் ஒன்றை மாட்டினால் முதலுக்கே மோசம்.

இதற்குத் தீர்வு, லேபிளில் ஸ்விட்ச் மோட் அல்லது எஸ்எம்பிஎஸ் என்று எழுதிய, ரெகுலேட்டட் 9 வோல்ட் அடாப்டர். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: எலிமினேட்டர் கனமாக இருக்கும், எஸ்எம்பிஎஸ் இலேசாக இருக்கும். பெடல் எதையும் மாட்டாத நிலையிலும் மீட்டரில் 9-ஐ ஒட்டியே காட்ட வேண்டும், 9.1, 9.3 என்றால் பரவாயில்லை.

50 ஹெர்ட்ஸ் என்றால் சப்ளைக்கு வெளியேதான் தேடணும். ஆம்ப் ஒரு பிளக் பாயின்ட்டிலும் பெடல்போர்டு அறையின் எதிர்க்கோடியில் வேறொரு பாயின்ட்டிலும் இருக்கிறதா? இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடியும். பாதத்தால் முன்னும் பின்னும் சாய்த்து ‘வா வா’ என்று ஒலிக்கவைக்கும் வா பெடலில் மட்டும் ரீங்காரம் என்றால் போர்டுக்கு அடியில் பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சப்ளை வா பெடலுக்கு நேர் கீழே இருக்கும். வா பெடலுக்குள் இருக்கும் இன்டக்டர் என்ற கம்பிச் சுருள் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். சப்ளையை ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லை கால் திருப்பம் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும்.

கீச்சென்ற மெல்லிய விசில், டிஜிட்டல் பெடல் மாட்டினால் மட்டும்

இங்கேதான் அதிகப் பேர் பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அறிகுறி இப்படி இருக்கும்: ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் எல்லாம் டெய்சி செயினில், அதாவது ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் வயரில், அமைதியாக ஓடும். அதே வயரில் டிஜிட்டல் டிலேயோ ரிவர்போ லூப்பரோ சேர்ந்ததும் ஒரு கீச்சு கேட்கும். டிஸ்டார்ஷனை ஆன் செய்தால் கீச்சு பெரிதாகும், சில சமயம் டிலே டைம் குமிழைத் திருப்பும்போது கீச்சின் ஸ்வரமும் கூடவே மாறும்.

காரணம் இது. டிஜிட்டல் பெடலுக்குள் இருக்கும் சிப் ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப விட்டு விட்டு இழுக்கிறது. அந்த மின்சாரம் அடாப்டருக்குத் திரும்பிப் போக வேண்டுமே, அதற்கு டெய்சி செயினில் இரண்டு வழி கிடைக்கிறது: ஒன்று பவர் வயரின் நெகட்டிவ், இன்னொன்று பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிளின் வெளி ஷீல்டு வழியாகப் பக்கத்துப் பெடலுக்குப் போய் அங்கிருந்து இறங்குவது. ஷீல்டு வழியாகப் போகும் பங்கு சிறியதுதான். ஆனால் அதே ஷீல்டுதான் கிட்டார் சிக்னலுக்கும் தரை. தரை ஆடினால் சிக்னலும் ஆடும், டிஸ்டார்ஷன் அதைப் பெருக்கி ஆம்ப்புக்கு அனுப்பும்.

டிஜிட்டல் பெடலுக்குத் தனிச் சப்ளை கொடுத்துவிட்டால் அந்த மின்சாரத்துக்குத் திரும்ப ஒரே வழிதான், தன் சொந்த வயர். கீச்சு போய்விடும். ஐசோலேட்டட் சப்ளை என்று விலை அதிகமாக விற்பதும் இதைத்தான் செய்கிறது: ஒரே பெட்டிக்குள் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனிச் சுற்று. வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸில் எட்டு அவுட்புட், எட்டும் தனித்தனி. ஸ்டிரைமன் ஸூமா, சியோக்ஸ் டிசி7 ஆகியவையும் அப்படியே. இதெல்லாம் நல்ல சாமான்தான், விலையும் அப்படித்தான்.

ஆனால் உங்கள் போர்டில் டிஜிட்டல் பெடல் ஒன்றே ஒன்று இருந்தால் எட்டுத் தனிச் சுற்று எதற்கு? அனலாக் பெடல்களுக்கு ஒரு நல்ல ரெகுலேட்டட் அடாப்டரும் டெய்சி செயினும், டிஜிட்டலுக்கு இன்னொரு அடாப்டர். இரண்டு தனி அடாப்டர் என்றாலே இரண்டு ஐசோலேட்டட் அவுட்புட். என்னைக் கேட்டால் குறைந்த செலவில் இதை விட நல்ல ஏற்பாடு இல்லை, பார்வைக்குத்தான் அழகாக இருக்காது.

நடுவில் ஒரு பொறி இருக்கிறது. எட்டு, பத்து அவுட்புட் வைத்து, கண்ணைப் பறிக்கும் நீல விளக்கெல்லாம் போட்டு, ஐசோலேட்டட் என்று அட்டையில் அச்சடித்து, அசல் சாமானின் விலையில் கால் பங்குக்கு ஆன்லைனில் விற்கும் பெட்டிகள். அவற்றில் பல உண்மையில் ஐசோலேட்டட் இல்லை. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி ஷார்ட் பாதுகாப்பு மட்டும் கொடுத்துவிட்டு, நெகட்டிவ் எல்லாவற்றையும் உள்ளே ஒன்றாக இணைத்திருப்பார்கள். பெட்டிக்குள் ஒளித்து வைத்த டெய்சி செயின்தான் அது.

இதைச் சோதிப்பது சுலபம். பெட்டியை பிளக்கிலிருந்து முழுதாகக் கழற்றி, பெடல் எதையும் மாட்டாமல் மேசையில் வையுங்கள். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் கன்டினியூட்டி நிலைக்குத் திருப்புங்கள். பெட்டியின் முதல் அவுட்புட் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய உலோகக் குச்சி தெரியும், அதுதான் நெகட்டிவ். சிவப்பு முனையை அதன் தலையில் வைத்து, கறுப்பு முனையை இரண்டாவது அவுட்புட்டின் குச்சியில் தொடுங்கள். பீப் அடித்தால் கதை முடிந்தது, ஐசோலேட்டட் இல்லை. அடிக்காவிட்டால் மூன்றாவது, நாலாவது என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள், சிலவற்றில் இரண்டு அவுட்புட் மட்டும் தனியாகவும் மீதி எல்லாம் ஒன்றாகவும் இருக்கும். வெளி உருளைகளை மட்டும் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் நடுவே பாதுகாப்புச் சுற்று இருப்பதால் பீப் அடிக்காமல் போகலாம். குச்சிதான் முக்கியம். பொருள் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

பீப் அடித்துவிட்டது, திருப்பி அனுப்பவும் முடியாது என்றால் தூக்கிப் போட வேண்டாம். அனலாக் பெடல்கள் எல்லாவற்றையும் அதில் ஓட்டுங்கள், டிஜிட்டலுக்கு மட்டும் தனி அடாப்டர்.

விளக்கு மங்குகிறது, டிலே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

இது மில்லியாம்ப் கணக்கு. அடாப்டரில் எழுதியிருக்கும் எண் அது கொடுக்கக்கூடிய அதிகபட்சம், பெடலில் எழுதியிருப்பது அது எடுக்கும் அளவு. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரே மடக்கில் அவ்வளவையும் குடிப்பதில்லை, பெடலும் அப்படித்தான், 2000 மில்லியாம்ப் அடாப்டரில் மாட்டினால் கருகிவிடும் என்ற பயம் வேண்டாம். வோல்ட் மட்டும் சரியாக இருக்கணும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டிஎஸ்-1 எடுப்பது 4 மில்லியாம்ப், இப்படிப்பட்ட பழைய பாணி டிரைவ் பெடல்கள் பத்தைச் சேர்த்தாலும் 100-ஐத் தாண்டுவது கஷ்டம். பாஸ் டியூ-3 ட்யூனர் 30, பாஸ் டிடி-7 டிலே 55. ஆனால் ஸ்டிரைமன் பிக்ஸ்கை ஒன்றுக்கே 300 வேண்டும், லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்போடு கம்பெனி கொடுக்கும் அடாப்டர் 3 ஆம்பியர். ஒவ்வொரு அவுட்புட்டும் 100 மில்லியாம்ப் என்று எழுதிய பெட்டியில் 300 கேட்கும் ரிவர்பை மாட்டினால் என்ன ஆகும்? ஆன் ஆகும், லோகோ வரும், அணையும், மறுபடி ஆன் ஆகும். பெடல் பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

எல்லாப் பெடலின் எண்ணையும் கூட்டி, அடாப்டரின் எண்ணில் முக்கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், மலிவு அடாப்டர் என்றால் பாதிக்குள். லேபிளில் 2 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. எல்லாப் பெடலையும் ஆன் செய்துவிட்டு, டெய்சி செயினில் மீதியிருக்கும் ஒரு பின்னில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 9-ஐ ஒட்டி இருந்தால் சரி, 8-க்குக் கீழே இறங்கினால் அடாப்டர் திணறுகிறது, இல்லையென்றால் வயர் மெலிந்தது. எது என்று தெரிய அடாப்டரின் வாயிலேயே ஒரு முறை அளந்தால் போதும்.

பழைய பாஸ் பெடல் செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. பெடலின் பவர் சாக்கெட் பக்கம் ஏசிஏ என்று எழுதியிருந்தால் அது 12 வோல்ட் அளவில் கொடுத்த பழைய வகை அடாப்டருக்காகச் செய்தது. இன்றைய 9 வோல்ட் பிஎஸ்ஏ வகை அடாப்டரில் தனியாக மாட்டினால் விளக்கு மங்கலாக எரியும், சத்தமும் சோனியாக வரும். அதே பெடலைப் பிஎஸ்ஏ வகைப் பெடல் ஒன்றோடு சேர்த்து டெய்சி செயினில் மாட்டி, பேட்ச் கேபிளும் போட்டுவிட்டால் ஒழுங்காக ஓடும். ஐசோலேட்டட் சப்ளைக்கு மாறியதும் பழைய பெடல் திடீரென்று மங்கிப்போன மர்மத்துக்கு இதுதான் விடை.

ஒரு குறிப்பிட்ட பெடலை மாட்டியதும் எல்லாமே அணைகிறது

அந்தப் பெடல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸா, அதாவது பழைய பாணிக் கரகரப்புப் பெடலா? ஃபஸ் ஃபேஸ் வழி வந்த பெடல்கள் பலவற்றில் பிஎன்பி வகை ஜெர்மேனியம் இருக்கும், அவற்றில் தரையோடு இணைந்திருப்பது பாசிட்டிவ். மற்ற பெடல் எல்லாவற்றிலும் நெகட்டிவ். இரண்டையும் ஒரே டெய்சி செயினில் போட்டுப் பேட்ச் கேபிளால் இணைத்தால் சப்ளையின் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக முட்டிக்கொள்கின்றன. நல்ல அடாப்டர் தன்னை அணைத்துக்கொள்ளும், மட்டமான அடாப்டர் புகையும்.

இதற்கென்று சப்ளை தேடி அலைய வேண்டாம், ஒரு பேட்டரி போடுங்கள். இந்த வகை ஃபஸ் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, மாதக்கணக்கில் வரும். சாதாரண ஜிங்க் கார்பன் பேட்டரியில் ஃபஸ் இன்னும் இனிமையாகக் கேட்கிறது என்பவர்களும் உண்டு, அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். வாசிக்காத நேரத்தில் இன்புட் கேபிளைக் கழற்ற மறக்காதீர்கள், கேபிள் மாட்டியிருக்கும்வரை பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு 9 வோல்ட் அவுட்புட்டைச் சேர்த்து 18 ஆக்கும் ஒய் வடிவ வயரும் இதே மாதிரிதான். ஐசோலேட்டட் அவுட்புட்டில் மட்டுமே அது வேலை செய்யும். போலி ஐசோலேட்டட் பெட்டியில் மாட்டினால் ஒரு அவுட்புட் ஷார்ட் ஆகும்.

வேறு அடாப்டர் மாட்டினேன், பெடல் செத்துவிட்டது

பாஸ் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அமைப்பையே இன்று பெரும்பாலான பெடல்கள் பின்பற்றுகின்றன: 9 வோல்ட் டிசி, அடாப்டர் பின்னின் நடுவில் நெகட்டிவ், வெளி உருளை பாசிட்டிவ், அளவு 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர். வீட்டில் உள்ள மற்ற சாமான்களோ நேர் எதிர். வைஃபை ரவுட்டர், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ், யமஹா கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டர், எல்லாவற்றிலும் நடுவில் பாசிட்டிவ். கொடுமை என்னவென்றால் பின் அளவு பல சமயம் ஒன்றே, அழகாக உள்ளே போய்விடும். லேபிளில் உள்ள சின்னப் படத்தைப் பாருங்கள்: நடுப் புள்ளியோடு கோடு போட்டு இணைத்திருக்கும் குறி கழித்தலாக இருந்தால் மட்டுமே மாட்டலாம். படம் இல்லையென்றால் மீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளி உருளையிலும் வையுங்கள், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நம் பெடலுக்கு ஏற்றது.

லேபிளில் அவுட்புட் ஏசி என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1999-இல் வந்த முதல் லைன் 6 டிஎல்4 டிலே 9 வோல்ட் ஏசியில் ஓடுவது. அதன் அடாப்டரிலும் 9 என்றுதான் எழுதியிருக்கும், சாதாரண பெடலில் செருகினால் காலி.

மாட்டியாகிவிட்டது, பெடல் ஆன் ஆகவில்லை என்றால் உடனே குப்பையில் போட வேண்டாம். பல அனலாக் பெடல்களில் பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு காவல் டயோடு இருக்கும், பெரும்பாலும் 1என்4001 வகை. மின்சாரம் தலைகீழாக வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும், காப்பாற்றும் முயற்சியில் தானே நிரந்தரமாக ஷார்ட் ஆகியும் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் நடுக் குச்சிக்கும் வெளிப்புறத் தகட்டுக்கும் நடுவே கன்டினியூட்டி பாருங்கள். பீப் விடாமல் அடித்தால் பெரும்பாலும் அந்த டயோடுதான். ரேடியோ ரிப்பேர் கடையில் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார்கள், டயோடின் விலை ஒரு டீக்குக் கூட வராது. கோடு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் புதியதிலும் வர வேண்டும், கழற்றும் முன் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிஜிட்டல் பெடலில் சிப்பே போயிருந்தால் இந்த அளவு மலிவாகத் தப்பிக்க முடியாது.

பின்னை ஆட்டினால் ஆன், விட்டால் ஆஃப்

அடாப்டர் பின்னின் உள் ஓட்டை 2.5 மில்லிமீட்டராக இருக்கும், பெடலின் குச்சி 2.1. உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று நிற்கும். பின்னை மாற்றுங்கள். 2.1 பின்னிலும் இதே தொல்லை என்றால் பெடலின் சாக்கெட் கால் போர்டிலிருந்து விட்டிருக்கலாம், சால்டர் வைத்தால் சரியாகும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கன யோசனை. பெடல் டெய்சி செயின் என்று கேட்டால் ஒரு விலை சொல்வார்கள், சிசிடிவி கடையில் ஒன்றிலிருந்து நாலாகப் பிரியும் டிசி ஸ்பிளிட்டர் என்று கேட்டால் அதைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும். அதே 5.5-க்கு 2.1 பின், உள்ளே வெறும் வயர்தான், எந்தப் போலாரிட்டி (நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பது) கொடுத்தாலும் அப்படியே கடத்தும். நேர்ப் பின் என்பதால் பெடல்களை ஒட்டி வைக்க முடியாது, அது ஒன்றுதான் குறை. ஸ்பிளிட்டர் மட்டும் வாங்குங்கள், அங்கே கூடவே நீட்டும் 12 வோல்ட் அடாப்டரை வாங்கிவிடாதீர்கள்.

கிட்டார் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதில் விளையாட்டு வேண்டாம். இரண்டு பின் உள்ள எஸ்எம்பிஎஸ் அடாப்டர்கள் எல்லாவற்றிலும் மெயின்ஸிலிருந்து மிகச் சிறிய கசிவு இருக்கும், வடிகட்டலுக்காக உள்ளே வைக்கும் கெப்பாசிட்டர் வழியாக. அந்தக் கசிவு போய்ச் சேர எர்த் கிடைக்காதபோது கம்பி வழியாக உங்களைத் தேடும், புறங்கையால் மெல்லத் தடவினால் சொரசொரவென்று தெரியும். ஆம்ப் மூன்று பின் பிளக்கில் ஒழுங்கான எர்த்தோடு இருந்தால் இது தெரியவே தெரியாது. தெரிகிறதென்றால் அந்தப் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. கசிவு மட்டும் என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எர்த் இல்லாத அதே இடத்தில் ஆம்ப்பிலோ மைக் பக்கமோ ஒரு உண்மையான கோளாறு வந்தால் ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்பவரின் கதி என்ன? எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தப் பாயின்ட்டில் வாசிக்காதீர்கள். ரீங்காரம் குறைகிறது என்பதற்காக ஆம்ப்பின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யவே கூடாத வேலை.

வீட்டில் சுத்தம், மேடையில் மட்டும் இரைச்சல்

மண்டபத்தில் சீரியல் லைட்டும் டிம்மரும் அதே லைனில் ஓடும், ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், டிரான்ஸ்ஃபார்மர் வகை தாங்காது. டிம்மர் இரைச்சலுக்கு ஒரே வழி விளக்குக்காரர் பயன்படுத்தாத வேறு லைனைக் கேட்டு வாங்குவதுதான்.

மேடைக்குப் பவர் பேங்க் நல்ல யோசனை, மெயின்ஸோடு உறவே இல்லாததால் பாதித் தொல்லை போய்விடும். 5 வோல்ட்டை 9 ஆக்கும் யூஎஸ்பி வயர் சின்ன போர்டுக்குப் போதும்: 9 வோல்ட்டில் 300 மில்லியாம்ப் எடுத்தால் பவர் பேங்க் பக்கம் 600, 700 மில்லியாம்ப் அளவில் இழுக்கும். வயருக்குள் இருக்கும் சுற்று மட்டமாக இருந்தால் அதுவே கீச்சிடும் என்பது ஒன்று, ஓவர்டிரைவ் ஒன்றை மட்டும் மாட்டினால் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்று பவர் பேங்க் தானாக அணைந்துவிடும் என்பது இன்னொன்று. டைப்-சி பிடி (பவர் டெலிவரி) உள்ள பவர் பேங்க் என்றால் 9 வோல்ட் கேட்டு வாங்கும் டிரிகர் வயர் கிடைக்கிறது, பவர் பேங்க் நேராக 9 வோல்ட்டே கொடுக்கும். பெடலில் செருகும் முன் போலாரிட்டியை ஒரு முறை மீட்டரில் பார்த்துவிடுங்கள், பல டிரிகர் வயர்கள் ரவுட்டருக்காகச் செய்தவை, நடுவில் பாசிட்டிவ்.

சரி, எதை வாங்குவது?

அனலாக் பெடல் மட்டும், ஐந்தாறு வரை: ஒரு ரெகுலேட்டட் 9 வோல்ட் அடாப்டரும் டெய்சி செயினும். ட்ரூடோன் 1 ஸ்பாட் 1700 மில்லியாம்ப் கொடுக்கும், இதற்கென்றே செய்தது. பாஸின் சொந்த அடாப்டரும் நல்லதுதான், எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதுவே போதும்.

அனலாக்கோடு ஒன்றிரண்டு டிஜிட்டல்: மேலே சொன்னதோடு டிஜிட்டலுக்குத் தலைக்கு ஒரு அடாப்டர், கூடவே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

மூன்று, நாலு டிஜிட்டல் வந்த பிறகு அடாப்டர் கூட்டம் தலைவலி, அப்போது உண்மையான ஐசோலேட்டட் பெட்டி வாங்குவது நியாயம். அவுட்புட் எத்தனை என்று எண்ணாதீர்கள், உங்கள் பெரிய பெடலுக்கு வேண்டிய மில்லியாம்பை ஒரு அவுட்புட்டாவது தருகிறதா என்று பாருங்கள். ஐந்து ஐசோலேட்டட் அவுட்புட் உள்ள சின்னப் பெட்டி, அதில் ஒன்றில் மட்டும் அனலாக் டெய்சி செயின், மற்ற நாலும் டிஜிட்டலுக்கு, இப்படிப் பிரித்தால் பத்து அவுட்புட் பெட்டியின் வேலை பாதி விலையில் நடக்கும். செகண்ட்ஹேண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் அடியில் 230 வோல்ட் ஏற்குமா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெறும் 120 என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.